சாந்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சாந்திக்கு,

போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓயாமல் ரீல்ஸ் பார்க்கிறான் என்று கார்த்தியின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, "ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தால்தான் என்ன?" என்று ஏசினாயாமே. அன்னா லெம்ப்கே என்று ஒரு மனநல மருத்துவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் போதை நோயாளிகளைப் பார்ப்பவர். அவர் விழுந்து கிடந்ததே புத்தகத்தில்தான். 'ட்வைலைட்' நாவலில் ஆரம்பித்து வரிசையாகக் காதல் கதைகள். கிண்டில் வாங்கியபின் ஒன்று முடிந்த கையோடு அடுத்தது. நடுராத்திரி தாண்டியும் படிப்பு. ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள்ளும் படிப்பு. 2021இல் வந்த 'டோபமின் நேஷன்' புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனதே இதனால்தான். கை நீட்டினால் கிடைக்கிறது என்றால் டாக்டரும் விழுவார், பத்தாம் வகுப்புப் பையனும் விழுவான்.

மூளையில் இன்பமும் வலியும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்கிறார். இன்பத் தட்டு இறங்கினால் ஈடுகட்ட வலித் தட்டில் குட்டிச்சாத்தான்கள் ஏறிக் குதிக்கும். ஓயாமல் இறக்கிக்கொண்டே இருந்தால் அவை அங்கேயே குடியேறிவிடும். அப்புறம் ரீல்ஸ் பார்ப்பது சந்தோஷத்துக்காக இல்லை, எரிச்சல் அடங்குவதற்காக. போனைப் பிடுங்கியதும் கார்த்தி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டது அந்த எரிச்சலில்தான். உன் மேல் வெறுப்பில் இல்லை. அந்தப் பழக்கத்தை நான்கு வாரம் விட்டுப் பார்க்கச் சொல்கிறார், முதல் இரண்டு வாரம் படுத்தி எடுக்குமாம்.

இந்தத் தராசு ரொம்பச் சுருக்கின கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டோபமின் என்ற மூளை ரசாயனம் ஆசைக்கு மட்டுமா? அது குறைந்துதான் பார்க்கின்சன் நோயாளிக்குக் கை நடுங்குகிறது. அதற்கு வார்டில் தினமும் சின்டோபா மாத்திரை கொடுக்கிறவள் நான். இருந்தாலும் நான்கு வாரம் நல்ல யோசனைதான். கட்டுப்பாட்டை அவனுக்கு மட்டும் போடாதே, நீயும் சீரியலை நிறுத்து. ராத்திரியில் எல்லார் போனும் ஹாலிலேயே சார்ஜ் ஏறட்டும்.

ஆனால் இதே வேகத்தில் கார்த்தி அப்பாவிடம் "நாளையிலிருந்து ஒரு சொட்டு கூடாது" என்று போய் நிற்காதே. லெம்ப்கேயும் இதை எச்சரிக்கிறார். தினமும் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். கால் எலும்பு முறிந்து ஒருவர் எங்கள் வார்டில் சேர்ந்தார், அவருடைய குடிப்பழக்கத்தை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி படுக்கை விரிப்பிலிருந்து இல்லாத எறும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, மனைவியை யாரென்று தெரியவில்லை.

மருந்து கொடுத்து, பி1 ஊசி போட்டு, டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். திங்கட்கிழமை எனக்கு ஆஃப். கார்த்தி அப்பாவை மனநலப் பிரிவு ஓ.பி.க்கு அழைத்து வா, நானே கூட வருகிறேன். அன்றைக்கு வரை பாட்டிலை ஒளித்து வைக்காதே.

அன்புடன்,
அக்கா