மரத்துப்போன காலுக்கு சிவப்பு லைட் வைக்கலாமா?

"கால் மரத்துப்போச்சு டாக்டர். லைட் வச்சா நரம்பு திரும்ப வளருமாமே, வாங்கலாமா?" கடலூர்ல ஓபி பார்க்கிற என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி இது. கையில வாட்ஸ்அப் வீடியோவோடதான் வருவாங்க. கொஞ்சம் நீளமான இழை. வீட்ல சர்க்கரை நோயாளி இருந்தா பொறுமையா படிங்க.

ஒண்ணு சொல்லிடறேன், இது முழு டுபாக்கூர் கிடையாது. 1967ல் புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர், லேசர் பட்டா புற்றுநோய் வருமான்னு பார்க்க எலிகளோட முடியை மழிச்சு ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரலை. முடி சீக்கிரம் வளர்ந்துச்சு! (முடி கொட்டுறவங்க இங்கேயே நின்னுடாதீங்க, கீழே வாங்க.) சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சி கூடுதலா சக்தி தயாரிக்குதுங்கிறதுதான் இதுக்குச் சொல்லப்படும் விளக்கம்.

வெட்டுப்பட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையில அறுந்தா விரல் நுனிக்கு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதை வேகப்படுத்த முடிஞ்சா பெரிய விஷயம். இஸ்ரேலில் ரோச்கிண்ட் குழு 2007ல் வெளியிட்ட ஆய்வில், நரம்பு அடிபட்ட 18 பேரை இரண்டாகப் பிரிச்சு, தினமும் 5 மணி நேரம், 21 நாள், ஒரு பிரிவுக்கு நிஜ லேசர், இன்னொண்ணுக்கு டம்மி. லேசர் வாங்கினவங்களுக்குத் தசை பலம் கூடியிருந்தது. ஆனா 18 பேர்ங்கிறது ஒரு வேன்ல அடங்கற கூட்டம்.

உங்க காலில் நரம்பு வெட்டுப்படலை. வருஷக்கணக்கா சர்க்கரை அரிச்சிருக்கு. நீளமான நரம்புதான் முதல்ல அடி வாங்கும். அதான் கால்விரல்ல ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுது. இதுக்கும் அமெரிக்காவுல அகச்சிவப்புக் கருவி வித்தாங்க. 69 பேர் 90 நாள் வீட்லயே வச்சுப் பார்த்த ஆய்வு 2008ல் 'டயாபடிஸ் கேர்' இதழில் வந்தது. நிஜக் கருவிக்கும் டம்மிக்கும் வித்தியாசமே தெரியலை. அதுக்கு முன்னாடியே, 2006ல், அங்கே மெடிகேர் காப்பீடு இந்தச் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம்னு சொல்லிடுச்சு.

காசு போனாகூடப் பரவாயில்லை. என் பயம் வேற. லைட்னு சொல்லி நம்ம ஆட்கள் வாங்கிட்டு வர்றது பல நேரம் லேசரே கிடையாது, சூடு கக்கும் சிவப்பு பல்பு. நல்ல கால் சுட்டா தானா இழுத்துக்கும். மரத்த கால் அப்படியே இருக்கும். சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனத் தேருக்கு வெறுங்காலோட வெயில்ல நடந்துட்டு வர்ற சர்க்கரைக்காரருக்கு, ராத்திரி போர்வையில ஈரம் பட்ட பிறகுதான் கொப்புளம் உடைஞ்சதே தெரியும். அந்தக் காலுக்கு 20 நிமிஷம் பல்பு வச்சா? கொப்புளம் புண்ணாகி, சீழ் பிடிச்சு, விரலை எடுக்கிற வரைக்கும் போகலாம்.

இதை உலகத்துக்குப் புரிய வச்ச ஊர் நமக்குப் பக்கத்துலதான் இருக்கு. 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட விரல் தானா அழுகி விழறதில்லை, வலி தெரியாம படுற காயங்களும் சூடும்தான் விரலைத் தின்னுதுன்னு காட்டினார். அவங்களுக்குக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்னிக்குச் சர்க்கரைக்காரங்களுக்கும் எழுதித் தர்றோம்.

லைட்டுக்கு எடுத்து வச்ச காசுல மூணு மாசச் சர்க்கரை டெஸ்ட்டும் பி12 டெஸ்ட்டும் எடுங்க. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டா பி12 குறையலாம், அதனாலயும் கால் மரத்துப்போகும். அது ஊசி, மாத்திரையில சரியாகக்கூடியது! வெந்நீர்ச் சூட்டைக் காலால பார்க்காதீங்க, முழங்கையால பாருங்க. ராத்திரி பாதத்தைப் பார்த்துட்டுத் தூங்குங்க. குனிய முடியலைன்னா தரையில கண்ணாடி வைங்க, இல்ல பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்க.

ஏற்கெனவே பல்பு வாங்கிட்டீங்களா? பாதத்துக்கு மட்டும் வைக்காதீங்க. வச்சு கொப்புளம் வந்திருந்தா, வலிக்கலைன்னு விடாம, உடைக்காம, இன்னிக்கே பக்கத்து ஆஸ்பத்திரியில காட்டுங்க.