காலையில் மதுரைக்கு வர ஒரு போடி ரயில்

கோச்சடை முத்தையா கோயில் பக்கம் நின்று போடி ரயிலுக்கு எங்கே ஏறுவது என்று கேட்டால், ஜங்ஷனுக்குப் போகச் சொல்வார்கள். மேலக்கால் சாலையில் பஸ் பிடித்து, அரசரடி நெரிசலில் நீந்திக் கிழக்கே போய், ரயிலேறி மறுபடி மேற்கே வர வேண்டும். எல்லீஸ் நகர்ப் பக்கம் 'போடி லைன்' என்றே ஓர் இடத்துக்குப் பேர் உண்டு. ரயில் மட்டும் அங்கே நிற்காது. ஜங்ஷனை விட்டால் வடபழஞ்சிதான்.

ஜங்ஷனுக்கே போய் ஏறினேன். காலை 8 மணிக்கு மேல் வண்டி கிளம்பியது. வடபழஞ்சியில் சிலர் இறங்கினார்கள். காமராசர் பல்கலைக்கழகமும் எல்காட் ஐ.டி. பூங்காவும் இருக்கிற பகுதி இது. இங்கே ஏறி இறங்க ஆளா இல்லை?

எதிரே உசிலம்பட்டி மூதாட்டி ஒருவர். பெரியாஸ்பத்திரியில் மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். மடியில் காலித் தூக்குவாளி.

"வரும்போதும் ரயில்லதான் வந்தீங்களா அப்பத்தா?"

"எங்கப்பா? காலையில இங்கிட்டிருந்துதான ரயிலு, அங்கிட்டிருந்து ஏது? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்."

இந்தப் பாதையின் சிக்கல் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது.

1928-இல் மீட்டர் கேஜில் போட்ட பாதை இது. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்ச் சரக்குக்குப் போடிதான் சந்தை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்துப் போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். அகலப்பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தியவர்கள், தேனிக்கு விட 2022 மே வரை எடுத்துக்கொண்டார்கள். போடிக்கு 2023 ஜூன் 15. ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டு பக்கமும் பாறையை வெட்டி இறக்கியிருப்பதை ஜன்னலில் பார்க்கும்போது, அங்கே உழைத்தவர்கள் மேல் மரியாதை வருகிறது.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட 90 கிலோமீட்டரில் தினமும் ஓடுவது ஒரே ஒரு பாசஞ்சர். காலையில் மதுரையை விட்டுப் போகிறது, சாயங்காலம் போடியிலிருந்து திரும்புகிறது. வாரத்தில் 3 நாள் சென்னை எக்ஸ்பிரஸ் உண்டு, அது தொலைதூரக்காரர்களுக்கு. ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் மதுரைக்கு வருகிற உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக்காரர்களுக்குக் காலையில் ரயில் இல்லை.

விடிகாலையில் போடியிலிருந்து ஒரு வண்டி, மாலையில் மதுரையிலிருந்து அது திரும்ப வேண்டும். கோச்சடை, விராட்டிபத்து மக்களுக்காக நகரின் மேற்கே ஒரு நிறுத்தமும் வேண்டும். மதுரை ரயில்வே கோட்டம் அடுத்த கால அட்டவணையிலேயே முதல் கோரிக்கையை நிறைவேற்ற வேண்டும்.