கோழிக் கணக்கு காக்டெயிலுக்கு உதவாது

நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டில் காக்டெயில் ஜோடி வந்து சேர்ந்தால், அதற்கும் கோழிக் கணக்கையே போடுகிறார்கள். கோழியில் சேவலுக்கு அடைகாக்கும் வேலை கிடையாது. அதை வைத்து ஒரு வீட்டுப் பெரியவர், முதல் முட்டையைப் பார்த்ததுமே ஆண் பறவையைப் பிரித்து வேறு கூண்டில் விட்டார். பெண் பறவை தீனிக்கு இறங்கும்போதெல்லாம் முட்டைகள் சில்லிட்டன. பேரப்பிள்ளைகள் வேறு அடிக்கடி பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். நான்கு முட்டை இட்டதோடு அது பெட்டிக்குள் போவதையே விட்டுவிட்டது. 'பாசமில்லாத பறவை' என்ற பழிதான் மிச்சம்.

காக்டெயிலில் அடைகாப்பது இரண்டுக்கும் பொது. பெரும்பாலும் பகலில் ஆணும் இரவில் பெண்ணும் உட்காரும். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும்; இரண்டு, மூன்று முட்டை சேர்ந்த பிறகே முழு அடைக்கு அமரும். அதன்பின் குஞ்சு பொரிக்க 18 முதல் 21 நாள் ஆகும்.

முட்டையைக் கோழிக்கு அடை வைத்தாலும் பயனில்லை. கண் திறக்காமல் வரும் குஞ்சுக்கு, தாயும் தகப்பனும் இரையைக் கக்கி ஊட்ட வேண்டும். கோழிக்கு அது தெரியாது. அடைகாக்கவில்லையே என்று முட்டைகளை உடனுக்குடன் எடுத்தால், பறவை மேலும் மேலும் இடும். சுண்ணாம்புச் சத்து குறைந்து, முட்டை உள்ளே சிக்கி உயிரே போகலாம்.

அடுத்த ஈட்டில் அந்த வீட்டில் ஜோடியைப் பிரிக்கவில்லை. பெட்டியை ஆள் நடமாட்டமில்லாத மூலைக்கு மாற்றி, கூண்டில் கடல்நுரை ஓட்டைக் கட்டிவிட்டார்கள். இரண்டும் முறைபோட்டு உட்கார்ந்தன.