உருக்கும் முன்

எங்கள் தென்காசிப் பக்கத்துக் கிழவிகளின் காதில் ஒரு காலத்தில் பாம்படம் ஆடும். வெளியே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. விற்கப் போனால் அரக்கை எடுத்துவிட்டுத்தான் நிறுப்பார்கள். அடுத்த தலைமுறைப் பெண்கள் வடித்த காதை ஆஸ்பத்திரியில் தைத்துக்கொண்டு கம்மல் போட்டார்கள். பாம்படங்கள் பட்டறைக்குப் போய்ச் சங்கிலியாகவும் வளையலாகவும் திரும்பின. என் ஆச்சியின் பாம்படம் தங்கையின் படிப்புக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆபத்துக்கு உதவத்தானே பொன்?

இப்போது நடப்பது வேறு. "தாத்தா, இந்த டிசைன் பழசாயிட்டு, மாத்திருவோமா?" என்கிறாள் பேத்தி. கடைத் தராசுக்குத் தங்கம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கல்லைக் கழிப்பார்கள், அழுக்கைக் கழிப்பார்கள். நாம் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் எந்தத் தட்டிலும் ஏறாது. ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகைக்கு 12 விழுக்காடு சேதாரம் என்று வையுங்கள். 0.96 கிராமுக்குச் சும்மா விலை கொடுக்கிறோம். அதே பவுனை மூன்று முறை மாற்றினால் 2.88 கிராம் போச்சு. ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு தனி.

ஆசாரி கம்பி இழுத்து, அரம் போட்டு, பொடி வைத்து ஊதும்போது துகள் சிந்துவது உண்மைதான். அதுவும் வீண் போகாது. பட்டறை மண்ணையே விலைக்கு வாங்கி அலசிப் பொன் எடுப்பவர்கள் உண்டு. இயந்திரத்தில் வார்த்த நகைக்கும் சேதாரம் என்று காசு வாங்குகிறார்களே, அது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழுது பார்க்கும் கை குறைந்ததால்தான் இந்த மாற்றும் பழக்கம் பெருகியது. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். ஆசாரிகளின் உமிச்சட்டிகள் அணைந்தன. 1966இல் அந்தத் தடை தளர்ந்தாலும், கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. அதற்குள் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். முன்பு ஆசாரியைத் திண்ணையில் உட்காரவைத்து அளவு சொன்னோம். இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருப்பதற்கு நம் கழுத்தை ஒப்புக்கொடுக்கிறோம்.

ஹால்மார்க் நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இல்லாமல் கடைக்காரர் ஹால்மார்க் நகை விற்க முடியாது. ஆனால் 916 என்ற முத்திரை மாற்றைச் சொல்லும். பற்றவைப்பு உறுதியா, கொக்கி நிற்குமா என்று சொல்லாது. குற்றாலத்தில் சீசன் தொடங்கும்போது நான் பெண்பிள்ளைகளிடம் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். மெயின் அருவிக்கு அடியில் சங்கிலி நழுவினால் யாரிடம் போய்த் தேடச் சொல்வது?

பேத்தியின் சங்கிலியை வாங்கிப் பார்த்தேன். தேய்ந்திருந்தது கொக்கியும் அதை அடுத்த இரண்டு வளையமும்தான். அவற்றை மட்டும் மாற்றித் தர ஓர் ஆசாரி கிடைத்தார். கூலியைக் கேட்டு அவளே சிரித்துவிட்டாள்.