திருப்போரூர் முருகனும் எங்கள் வீட்டுப் பெண்ணும்

முருகப் பெருமான் அசுரர்களோடு கடலில் போரிட்ட தலம் திருச்செந்தூர், நிலத்தில் திருப்பரங்குன்றம், விண்ணில் திருப்போரூர் என்பது ஐதீகம். சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் சுமார் 45 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் நிதானமாகத் தரிசனம் செய்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

இந்தத் தடவை என் ஓர்ப்படியும் அவள் பெண்ணும் கூட வந்தார்கள். பெண்ணுக்கு 23 வயது. நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை. முகத்தில் பரு, தாடையில் முடி. டாக்டரம்மா 'பி.சி.ஓ.எஸ்.' என்று சொன்னதிலிருந்து ஓர்ப்படிக்குத் தூக்கமே இல்லை. வரன் பார்க்கிற நேரம் வேறு. "இவளுக்குக் குழந்தை பிறக்குமா அக்கா?" என்று பஸ்ஸிலேயே கண் கலங்கினாள். ஜன்னலோரம் இருந்த பெண் காதில் விழாதது போல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இங்கே மூலவர் பனைமரத்தாலான சுயம்பு மூர்த்தி. அதனால் அபிஷேகமெல்லாம் யந்திரத்துக்குத்தான். மண்மூடிக் கிடந்த கோயிலைக் கண்டு திருப்பணி செய்தவர் மதுரையிலிருந்து வந்த சிதம்பர சுவாமிகள். சரவணப் பொய்கையில் கால் நனைத்து, கந்தசாமியைத் தரிசித்துவிட்டு, பக்கத்திலுள்ள பிரணவ மலைக்குப் படியேறினோம். மேலே கைலாசநாதர் கோயில். காற்று பிய்த்துக்கொண்டு போகிறது!

அங்கேதான் பெண் வாய் திறந்தாள். "பெரியம்மா, இது கட்டி இல்லையாம். முழுசா வளராத சினைமுட்டைப் பைகளாம். இன்சுலின் சரியா வேலை செய்யாததும் ஒரு காரணமாம். பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இருக்காம். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பிறக்குமாம். அம்மாகிட்ட நீங்க சொல்லுங்களேன்" என்றாள். சொன்னேன். ஓர்ப்படி முகம் கொஞ்சம் தெளிந்தது.

கீழே இறங்கியதும், "உடம்புக்கு நல்லது" என்று கருப்பட்டி நாலு கிலோ வாங்கப் போனாள் ஓர்ப்படி. தடுத்தேன். கருப்பட்டியும் சர்க்கரைதானே! அளவு வேண்டும். பிரசாதப் பொங்கல் ஒரு கரண்டி போதும்.

டாக்டரம்மா சொன்னது எல்லாம் நம் சமையலறையில் உள்ளதுதான். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மிச்சக் கால் பங்குதான் சோறு. கேழ்வரகோ கம்போ ஆனாலும் அளவோடு. பிஸ்கட், குளிர்பானம் வேண்டாம். பட்டினியும் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகநடை. இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. பருமனானவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகுமாம். ஒல்லியானவர்களுக்கும் இந்தத் தொல்லை வரலாம்.

சாயங்காலம் மாமல்லபுரம் போய்க் கடற்கரைக் கோயில் பார்த்து, மணலில் மூவரும் வெகு தூரம் நடந்தோம். அந்த நடையை அவள் விடவில்லை. இப்போது நாலு கிலோ இறங்கியிருக்கிறாள், மாதவிலக்கும் வந்துவிட்டது. மாத்திரையை மட்டும் டாக்டரம்மா சொல்லாமல் நிறுத்தவில்லை.

சகோதரிகளே, பெண்ணுக்கு மூன்று மாதம் தாண்டியும் விலக்கு வராவிட்டால் "கல்யாணமானால் சரியாகும்" என்று இருந்துவிடாதீர்கள். கருப்பையின் உட்சுவர் தடித்துப் பின்னால் பெரிய தொந்தரவாகலாம். சர்க்கரை, ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். முருகனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். முக்கியமாக, அவள் காதுபட அழாதீர்கள்.