முளைவிட்ட பார்லியைத் தேடி

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை, வெற்றிலை, மல்லிகைச் சரம், காபிப்பொடி எல்லாம் நம்மூரில் கிடைப்பது போலவே கிடைக்கும். மளிகைக் கடையில் பார்லியும் உண்டு. கால் வீங்கினால் கஞ்சி வைக்க வாங்குகிறோம். அது தோல் போகத் தீட்டிய பார்லி. எத்தனை நாள் ஊறவைத்தாலும் முளைக்காது. நான் பார்க்க வந்தது முளைக்கிற பார்லியை. அதற்காக மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ஏறி லோயர் பரேலில் இறங்கினேன்.

1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எழுந்திருக்காத துணி மில்களின் வளாகங்களில் இப்போது பீர் வடிக்கிறார்கள். மும்பையின் முதல் மைக்ரோ ப்ரூவரி 2013 வாக்கில் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. நான் போன இடத்தில் பொறுப்பிலிருந்த இளைஞர் ஒரு மூட்டையைப் பிரித்து, கை நிறைய மால்ட்டை, அதாவது முளைவிட வைத்து உலர்த்திய பார்லியை, அள்ளிக் கொடுத்தார். “மென்னு பாருங்க.” பச்சைப் பார்லி பல்லை உடைக்கும். இது கடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளை மாவு, நாக்கில் மெல்லிய இனிப்பு, முடிவில் பிஸ்கட் வாசனை.

குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, காயவைத்து, வறுத்து அரைக்கிறோமே, அதே வேலைதான். ஆனால் கண்டிப்பு அதிகம். இரண்டு நாள் ஊறவைப்பார்கள். நடுவில் தண்ணீரை வடித்துத் தானியத்தை மூச்சுவிட விடுவார்கள். ஈரம் நாற்பது சதவீதத்தைத் தாண்டியதும் நாலைந்து நாள் முளைக்க விடுவார்கள். வேர்கள் பின்னிக்கொள்ளாமல் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். சூடு ஏறவும் கூடாது. உள்ளே மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பெருகுகின்றன. தோலுக்கடியில் முளை முக்கால் தானிய நீளம் வளர்ந்ததும் வெப்பக்காற்றில் உலர்த்தி நிறுத்துவார்கள். ஈரம் ஐந்து சதவீதத்துக்கு இறங்கிவிடும். முளை சாகவேண்டும்; நொதி சாகக் கூடாது. அந்த நொதிதான் பிறகு 65 டிகிரி வெந்நீரில் எழுந்து மாவைச் சர்க்கரையாக மாற்றுகிறது.

அவர் பிரித்த மூட்டை ஜெர்மனியிலிருந்து வந்தது. நம் நாட்டில் பார்லி இல்லாமலா? அக்டோபர், நவம்பரில் விதைத்து மார்ச், ஏப்ரலில் அறுக்கும் பயிர் இது. விளைச்சலில் ராஜஸ்தான்தான் முன்னணி. ஆனால் அங்கே மணி முற்றும் நேரத்தில் வெயில் ஏறிவிடும். மணி சிறுத்துப் புரதம் கூடும். புரதம் கூடினால் மாவு குறையும், பீர் கலங்கும். கர்னாலில் இருக்கும் இந்தியக் கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில் மால்ட்டுக்கென்றே இருவரிசைக் கதிர் ரகங்கள் வந்திருக்கின்றன. டிடபிள்யூஆர்யூபி 52 அப்படி ஒன்று. பெங்களூரு அம்ருத் நிறுவனம் இந்தியப் பார்லியில் வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004-ல் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. ஆகவே நம் பார்லியால் முடியாது என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை.

செம்பூரில் சித்தி வீட்டில்தான் தங்கினேன். அங்கிருந்து டிராம்பே பக்கம் போனால் ஆர்சிஎஃப் உரத் தொழிற்சாலை. யூரியா தயாராகும் இடம். பார்லிக் காட்டில் யூரியாவைக் கூடுதலாக, அதுவும் தாமதமாகப் போட்டால் அந்த நைட்ரஜன் மணியில் புரதமாகப் போய் உட்கார்ந்துவிடும். மால்ட் ஆலை அதைத் தள்ளிவிடும். விவசாயிக்கு மிஞ்சுவது மாட்டுத்தீவன விலை. நல்ல மால்ட் வேண்டுமென்கிறவர்கள் விதைப்புக்கு முன்பே விலை பேசி, எவ்வளவு உரம் என்பதையும் அவரோடு சேர்ந்து தீர்மானிக்கவேண்டும். சித்தி ராத்திரி ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்தாள். அதிலும் பார்லி மால்ட்தான். குடிக்காத தமிழ் வீடுகளும் தலைமுறைகளாக இந்தப் பயிரோடு உறவு வைத்திருக்கின்றன.

மறுநாள் தாராவி. 90 அடி சாலைக்குப் பின்னால், இரண்டு பேர் ஒதுங்கிப் போக இடமில்லாத சந்தில், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரின் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. வாலிபத்தில் சாராயம் காய்ச்சியவர். மொரார்ஜி தேசாய் முன்னின்று கொண்டுவந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-ல் வந்தது. 1960களில்தான் தளரத் தொடங்கியது. அந்தக் காலத்தில் சதுப்பும் சேறுமாய்க் கிடந்த தாராவியில் ‘ஹாத்பட்டி’ என்கிற கள்ளச்சாராய அடுப்புகள் எரிந்தன. பிழைக்க வந்த தமிழர் பலருக்கு அதுவே முதல் வேலை.

“ஊறல்ல என்ன போடுவீங்க அண்ணாச்சி?”

“வெல்லம், அழுகுன பழம், நவச்சாரம். பீப்பாயச் சேத்துக்குள்ள புதைச்சுருவோம்.”

“தானியம்?”

“அதுக்கெல்லாம் ஏது தம்பி நேரம்? போலீஸ் வாரதுக்குள்ள வடிச்சாகணும்லா.”

இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே முக்கியமான பேச்சு இது. மால்ட்டுக்கு ஒரு வாரம் வேண்டும். இடம், குளிர்ச்சி, கண் முன்னால் வைத்துக் கிளற ஆள் வேண்டும். ஒளிந்து காய்ச்சுகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. அவன் நேராகச் சர்க்கரைக்குப் போகிறான். அது சீக்கிரம் புளிக்கட்டும் என்று நவச்சாரம் போடுகிறான். அவனுக்கும் பின்னால் வந்தவர்கள் புளிக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. தொழிற்சாலை மெத்தனாலைத் தண்ணீரில் கலந்து விற்றார்கள். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் அதைக் குடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். லோயர் பரேலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த இடம்.

மகாராஷ்டிரத்தில் குடிப்பதற்கு இன்றும் சட்டப்படி பெர்மிட் வேண்டும். மில் வளாகத்துத் தொட்டிகள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கின்றன. உரிமம், பரிசோதனை எல்லாம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு மலிவுச் சரக்கு விற்கும் சந்துகளுக்கும் வரவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அண்ணாச்சியிடம் மைக்ரோ ப்ரூவரியில் ஒரு கிளாஸ் என்ன விலை என்று சொன்னேன். “அந்தக் காசுல வீட்டுக்கு ரெண்டு நாள் காய்கறி வாங்கலாமே” என்றார். அவர் வீட்டில் இப்போது இட்லி வியாபாரம். மருமகள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைக்கவேண்டும், பேச்சைச் சுருக்குங்கள் என்றாள்.