போடிமெட்டு ஏறும் காருக்கு எந்த கன்வர்ட்டர்?

டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் கார் வாங்க நினைக்கிற கேரளத்துச் சூரியநெல்லிக்காரர் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் போடிமெட்டு ரோட்டை நினைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டுப் பக்கம் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடி நகரிலிருந்து மெட்டு வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். இந்த ரோட்டில் காரின் உச்ச வேகம் எதற்கும் உதவாது. முதல் இரண்டு கியர்களில், ஆள் நடக்கிற வேகத்தில், நிறைந்த சுமையோடு வண்டி எப்படி இழுக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்குள்ள தமிழருக்கு இந்த ஏற்றம் வாழ்க்கையில் பாதி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் எழுந்தபோது கங்காணிகள் சமவெளியிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். வந்தவர்களின் வாரிசுகள் தோட்டக் குடியிருப்பான லயங்களிலேயே பிறந்து வளர்ந்தார்கள். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய போராட்டம் பலிக்காமல் 1956-இல் அவை கேரளத்தில் நின்றன. அதனால் ரேஷன் அட்டையும் ஓட்டும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒரு பக்கம். கல்யாண ஜவுளியும் குலசாமியும் மறுபக்கம். எதிர்த்திசையில், தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே வருகின்றன. மாநில எல்லையை இவ்வளவு சாதாரணமாக, இவ்வளவு நெரிசலில் உட்கார்ந்து கடப்பவர்கள் வேறெங்கும் அதிகம் இருக்கமாட்டார்கள்.

இந்த மலையின் பழைய விடை ஜீப்பு. கொளுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும் அங்கே வண்டி போக சூரியநெல்லியை விட்டால் வழி கிடையாது. சுமார் 12 கிலோமீட்டர் கல்லும் பள்ளமுமான தடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அங்கே ஓட்டுபவர் நான்கு சக்கர இழுவையையும் லோ கியரையும் போட்டுவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். எஞ்சின் தன் போக்கில் ஊர்ந்து ஏறுகிறது. லோ கியர் இழுவையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குவதால் கிளட்சுக்கு வேலையே இல்லை. போடிமெட்டு வளைவில் கதை வேறு. மேலிருந்து பஸ் திரும்புகிறது, ஜீப்பு பாதி மேட்டில் நிற்கிறது, ஓட்டுநர் ஹாஃப் கிளட்சில் பிடித்து வைக்கிறார். நாலைந்து நொடியில் கருகிய வாசனை பின்சீட்டு வரை வந்துவிடும். கிளட்ச் பிளேட்டின் ஆயுளில் பெரும்பகுதி இப்படி நிற்கிற நேரத்தில்தான் கரைகிறது.

கன்வர்ட்டர் தீர்ப்பது இந்தச் சிக்கலைத்தான். அதற்குள் எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் எண்ணெயை வெளிவிளிம்புக்கு எறிகிறது. எண்ணெய் எதிரே உள்ள டர்பைனின் இதழ்களில் மோதி அதைத் திருப்புகிறது. டர்பைன் கியர்பாக்ஸோடு இணைந்தது. இந்த இரண்டு மட்டும் இருந்தால் உள்ளே போன டார்க், அதாவது சுழற்றும் விசை, அதே அளவில்தான் வெளியே வரும். மூன்றாவது உறுப்பான ஸ்டேட்டர், டர்பைனிலிருந்து எதிர்த்திசையில் திரும்பும் எண்ணெயை வளைத்து இம்பெல்லருக்குத் துணையாக அனுப்புகிறது. அதனால் வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் டார்க் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. டர்பைன் வேகம் பிடித்து இம்பெல்லரை நெருங்கியதும் ஸ்டேட்டர் தன் ஒருவழி கிளட்சின் மேல் சும்மா சுற்றத் தொடங்கும், பெருக்கமும் நின்றுவிடும். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. 1948-இல் ப்யூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ வழியாக இது சாதாரணக் கார்களுக்குள் வந்தது.

தேர்வின் மையம் ஸ்டால் வேகம். சக்கரம் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை போய் நிற்கிறதோ அது. வாங்குபவர்கள் பலர் இதை கன்வர்ட்டரில் பொறித்த எண் என்று எண்ணுகிறார்கள். அப்படியில்லை. ஒரே கன்வர்ட்டரை டார்க் கூடிய எஞ்சினில் பொருத்தினால் ஸ்டால் ஏறும், குறைந்த எஞ்சினில் இறங்கும். டார்க் நான்கு மடங்கானால் ஸ்டால் இரண்டு மடங்காகும் என்பது தோராயக் கணக்கு. விட்டம் சிறிதான கன்வர்ட்டரில் ஸ்டால் உயரம். எஞ்சின் நன்றாக இழுக்கத் தொடங்கும் சுற்றுக்குச் சற்று மேலே ஸ்டால் அமைவதுதான் தெருவில் ஓடும் காருக்குப் பொருத்தம். தார் ஜீப்பின் டீசல் எஞ்சினில் 300 நியூட்டன் மீட்டர் டார்க் 1,600 சுற்றிலேயே முழுதாகக் கிடைப்பதால் அதற்கு உயர்ந்த ஸ்டால் வீண். கேம்ஷாஃப்ட் மாற்றிய அமெரிக்க வி8 எஞ்சின் கீழ்ச்சுற்றில் திணறும் என்பதால் அங்கே 2,400 முதல் 3,000 வரை வைக்கிறார்கள். சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின் இரண்டுக்கும் நடுவில்: 1,750 சுற்றுக்குக் கீழே டர்போ தூங்குகிறது, எனவே ஸ்டால் அதைத் தாண்டியே இருக்க வேண்டும்.

உயரமும் இங்கே கணக்கில் வருகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து சதவீத டார்க்கை இழக்கிறது. 7,900 அடி என்று சொல்லப்படும் கொளுக்குமலையில் இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். டார்க் இருபது சதவீதம் குறைந்தால் ஸ்டாலும் பத்து சதவீதம் இறங்கும். கொச்சியில் துள்ளிய கார் சின்னக்கானலில் சோம்பலாக நகர்வதற்கு இது ஒரு காரணம். டர்போ இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மலையில் ஓட்ட டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை வாங்குவது காசைப் போட்டு எரிச்சலை வாங்குவது.

அமெரிக்கர்கள் செய்வதுபோல கன்வர்ட்டரைத் தனியாக வாங்கி மாற்றும் பழக்கம் இந்தியாவில் கிட்டத்தட்ட இல்லை. இங்கே தேர்வு ஷோரூமிலேயே முடிகிறது. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் நல்ல உதாரணம்: 1.0 லிட்டர் எஞ்சினுக்கு ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர், 1.5 லிட்டருக்கு ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் டிஎஸ்ஜி. காகிதத்தில் இரண்டாவதுதான் வேகம், தேனி நெடுஞ்சாலையிலும் அப்படித்தான். ஆனால் மே மாதம் மூணாறு மேட்டில் வண்டிகள் அடி அடியாக நகரும்போது டிஎஸ்ஜியின் உலர் கிளட்ச் உரசி உரசிச் சூடாகும். ஏஎம்டி என்பதும் சாதாரண கிளட்சை இயந்திரம் மிதிப்பதுதான். கன்வர்ட்டரிலும் சூடு வரும், ஆனால் அது எண்ணெய்க்குள் வந்து கூலர் வழியாக வெளியே போகிறது. மலையில் குடியிருப்பவருக்கு 1.0 லிட்டர் கன்வர்ட்டர் காரே சரி. மலைக்கு வருடத்தில் இரண்டு முறை வருபவர் தாராளமாக மற்றதை வாங்கலாம்.

ஏறுவதில் பாதி, இறங்குவதில் மீதி. நழுவும் எண்ணெய் வழியே எஞ்சின் பிரேக் பலமாகக் கிடைக்காது. இம்பெல்லரையும் டர்பைனையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் இதற்கும் மைலேஜுக்கும் தேவை. இக்கால கன்வர்ட்டர்கள் கீழ் கியர்களிலும் பூட்டிக்கொள்கின்றன. பழையவற்றில் பல, மேல் கியரில் மட்டும். போடிக்கு இறங்கும்போது மேனுவல் நிலையில் இரண்டாம் கியரைப் பிடித்து வைப்பவரின் பிரேக் பேடு நீடிக்கும். டி-யிலேயே விட்டு பிரேக்கை மிதித்தபடி வருபவர் அடிவாரத்து முந்தலுக்கு முன்பே கருகும் வாசனையை உணர்வார்.

தரம் என்பது உள்ளே மறைந்திருக்கிறது. நல்ல கன்வர்ட்டரில் இதழ்கள் ஓட்டில் வெறுமனே செருகி மடிக்கப்பட்டிருக்காது, உலையில் வைத்துப் பற்றவைத்திருக்கும். உராயும் வளையத்துக்குப் பதில் ஊசி பேரிங் இருக்கும். ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் உறுதியாக இருக்கும். முழுதும் சுழற்றிச் சமன் பார்த்திருப்பார்கள். எஞ்சினின் சக்தியைக் கூட்டியவர்கள் ஓடு எண்ணெய் அழுத்தத்தில் உப்பாத அளவுக்குத் தடிப்பானதா என்றும் பார்க்க வேண்டும். எண்ணெயின் சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. மலை வண்டிக்கு பெரிய கூலர் மலிவான காப்பீடு. எஞ்சின் கணினியான ஈசியூவை மாற்றி டார்க்கை ஏற்றுபவர்கள் லாக்-அப் லைனிங்கை மறந்துவிடுகிறார்கள். முதலில் தேய்வது அதுதான். மாற்றங்களுக்குச் சட்ட வரம்பும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதியாகச் சொன்னது. கேரளப் போக்குவரத்துத் துறை இதில் கண்டிப்பானது.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஸ்டால் சோதனை ஒன்று போதும். கன்வர்ட்டரைக் கழற்றிப் பழகிய கார் மெக்கானிக் கிடைக்காவிட்டால் ஜேசிபி பழுது பார்ப்பவரைக் கேட்கலாம். மண் சரியும் இந்த மலையில் ஜேசிபிக்கு ஓய்வு கிடையாது, அதிலும் டார்க் கன்வர்ட்டர் உண்டு. எண்ணெய் சூடானபின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை அழுத்தி, டி-யில் போட்டு ஆக்ஸிலரேட்டரை ஐந்து நொடிக்கு மேற்படாமல் முழுக்க மிதிக்க வேண்டும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. மீட்டர் காட்டும் சுற்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் உள்ளதைவிடத் தாழ்ந்தால் எஞ்சின் பலவீனம், அல்லது ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் பிடிக்கவில்லை. உயர்ந்தால் எண்ணெய் குறைவு, அல்லது கியர்பாக்ஸின் கிளட்சுகள் வழுக்குகின்றன. மறுபடி சோதிப்பதற்கு முன் நியூட்ரலில் இரண்டு நிமிடமாவது ஓடவிட்டு எண்ணெயை ஆறவைக்க வேண்டும்.